நாட்காட்டியின் எஸ்எம்எஸ் நினைவூட்டல் நின்றுவிட்டது: பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு என்ன வழி?

நவம்பர் 3, காலை

செட்டிநாட்டு நகரத்தாரான எங்கள் பங்காளிகளுக்கென்று ஒரு பொது நாட்காட்டியை ஒரு மின்னஞ்சல் சேவையில் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), கோயில் கூட்டம், வீட்டு வரி, ஓடு மாற்ற ஆள் வரும் நாள், பெரியவர்களின் மருத்துவமனைத் தேதி எல்லாம் அதில் இருக்கும். முந்தின நாள் மாலையில் அவரவர் கைபேசிக்கு எஸ்எம்எஸ் போய்விடும். சென்ற மாதக் கடைசியிலிருந்து போகவில்லை. அமைப்புப் பக்கத்தில் எஸ்எம்எஸ் என்ற தேர்வே இல்லை. செயலி அறிவிப்பும் மின்னஞ்சலும் மட்டும் நிற்கின்றன.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? பள்ளத்தூர், கானாடுகாத்தான், கண்டனூர் பக்கம் யாராவது மாற்று வழி கண்டிருந்தால் எழுதுங்கள். சேவையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு அந்த நிறுவனத்தைச் சுற்றியே ஓடும். எனக்கு வேண்டியது வழி.

நவம்பர் 3, இரவு

செயலியை நிறுவச் சொல்கிறீர்கள். நானும் செயலிதான் வைத்திருக்கிறேன். எனக்கு அது போதும். நான் கேட்பது பெரியப்பச்சிக்காக (எங்கள் பக்கம் பெரியப்பாவை அப்படித்தான் அழைப்போம்), அவர் வயதொத்த மற்றவர்களுக்காக. அவரிடம் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். தொட்ட இடமெல்லாம் எதையோ திறக்கிறது என்று மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அவரை மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எண்பது கடந்தவர் கைக்குப் பழகிய கருவியோடு நிம்மதியாக இருக்கிறார். அந்தக் கருவிக்குச் செய்தி வரவேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 4

"வீட்டில் வைஃபை போட்டால் எல்லாம் சரியாகும்" என்று எழுதிய தேவகோட்டை அன்பருக்கு.

எங்கள் வீட்டின் தலைவாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர்கள். முகப்பில் டேட்டா நன்றாக வரும். வளவு, அதாவது உள்முற்றம், வானம் பார்த்துத் திறந்திருப்பதால் அங்கும் பரவாயில்லை. இரண்டாம் கட்டைத் தாண்டினால் படம் திறக்காது, செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். பெரியப்பச்சி பகலெல்லாம் இரண்டாம் கட்டில்தான் இருப்பார். அங்கே எஸ்எம்எஸ் தவறாமல் வந்தது.

அதற்குக் காரணம் உண்டு. எஸ்எம்எஸ் டேட்டா வழியாக வருவதில்லை. அழைப்பை ஏற்படுத்துவதற்காகக் கோபுரமும் கைபேசியும் தமக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞைத் தடம் ஒன்று உண்டு. பழைய 2ஜி முறையில் குறுஞ்செய்தி அந்தத் தடத்தில்தான் பயணம் செய்கிறது. மிகச் சிறிய பொட்டலம் என்பதால் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் நுழைந்துவிடும். கைபேசி அணைந்திருந்தால் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செய்தி மையம் அதை வாங்கி வைத்திருந்து, மறுபடி உயிர் வந்ததும் கொடுக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பெரியப்பச்சியின் போன் சார்ஜ் தீர்ந்து கிடந்தாலும் மாலையில் செய்தி வந்து சேர்ந்துவிடும். செயலிக்கு இணையம் வேண்டும், கணக்குக்குள் நுழைந்திருக்க வேண்டும், மின்சேமிப்பு அமைப்பு அதைத் தூங்கவைக்காமல் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, அசையாமல் கிடக்கும் கைபேசியில் பின்னணி வேலைகள் தள்ளிப்போடப்படுகின்றன. போதாததற்கு சில தயாரிப்பாளர்களின் கைபேசிகள் செயலியை முழுக்கவே நிறுத்திவிடுகின்றன.

நவம்பர் 4, சற்றுப் பின்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்காட்டிச் செயலி ஒருமுறை ஒத்திசைந்துவிட்டால், அதன் பிறகு இணையம் இல்லாவிட்டாலும் கைபேசிக்குள்ளிருந்தே மணி அடிக்கும். ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வசதி. அவர்கள் அமைப்பில் போய் நாட்காட்டிக்கு மின்சேமிப்புக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் பெரும்பாலும் போதும். எங்கள் சென்னைப் பங்காளிகளுக்கு அதைத்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 6

இன்று பெரியப்பச்சியின் கணக்கைத் திறந்து பார்த்தேன். இதை விரிவாக எழுத வேண்டும்.

முதலில், எஸ்எம்எஸ் எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்பது. அந்தச் சேவையில் நாட்காட்டி என்னுடையதாக இருந்தாலும் எஸ்எம்எஸ் பெறுகிறவருக்குத் தனிக் கணக்கு வேண்டும். எண்ணை உறுதிசெய்யவும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெரியவருக்கும் நானே கணக்குத் தொடங்கினேன். உறுதிப்படுத்தும் எண் அவர் கைபேசிக்கு வரும், அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், நான் இங்கே பதிவேன். பிறகு பொது நாட்காட்டியை அந்தக் கணக்கோடு பகிர்ந்து, முந்தின நாள் மாலைக்கு எஸ்எம்எஸ் வைத்துவிடுவேன். அதன்பின் அந்தக் கணக்கை யாரும் திறக்க வேண்டியதில்லை. யாரும் திறக்கவும் இல்லை.

இன்று திறந்தால், நிறுத்தப்போகிறோம் என்ற அறிவிப்பு அங்கே இருக்கிறது. படிக்கப்படாமல் தடித்த எழுத்தில் இருக்கிறது. அதற்கு மேலே இரண்டாவது நினைவூட்டலும் இருக்கிறது. ஆச்சிகளின் கணக்குகளையும் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே கடிதம். என் கணக்குக்கு அது வரவில்லை, ஏனென்றால் நான் எஸ்எம்எஸ் பயன்படுத்தவில்லை.

மின்னஞ்சல் பார்க்காதவர்கள்தாம் எஸ்எம்எஸ்ஸை நம்பியிருந்தார்கள். அது நிற்கப்போகிறது என்ற சேதியை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பினால் அது யாரைப் போய்ச் சேரும்? அவர்கள் கையில் பெரியப்பச்சியின் எண் இருந்தது. உறுதிசெய்யப்பட்ட எண். இத்தனை காலம் செய்தி போன எண். "அடுத்த மாதத்திலிருந்து இந்த நினைவூட்டல் வராது" என்று கடைசியாக ஒரு எஸ்எம்எஸ் அந்த எண்ணுக்குப் போட்டிருந்தால் அவர் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டிருப்பார். செய்தி வரவில்லை என்பதை வராத செய்தியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? வேலை எதுவும் இல்லை போலிருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார்.

மதுரையில் கண் பரிசோதனைத் தேதி அப்படித்தான் போயிற்று. மறுதேதி வாங்கியாகிவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

நவம்பர் 7

இது புதிதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. கூகுள் காலண்டர் பொதுப் பயனர்களுக்கான எஸ்எம்எஸ் நினைவூட்டலை 2015 ஜூன் 27 முதல் நிறுத்தியது. ஸ்மார்ட்போன் அறிவிப்புகள் வளமானவை, நம்பகமானவை என்பது சொல்லப்பட்ட காரணம். நிறுவனங்கள், பள்ளிகள், அரசு அலுவலகங்களுக்கான கணக்குகளுக்கு அது தொடர்ந்தது. 2019 ஜனவரியில் அவற்றுக்கும் நின்றது. மற்ற சேவைகள் முன்னும் பின்னுமாக அதே பாதையில் வந்துகொண்டிருக்கின்றன.

நவம்பர் 8

நேற்றிரவு புதுவயல் அன்பர் நிறுவனங்களின் பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் அனுப்புகிறவர் காசு கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் இந்திய எண்ணுக்கு அனுப்பினால் உள்நாட்டுச் செய்தியைவிடப் பல மடங்கு. செயலி அறிவிப்புக்கு அந்தச் செலவு இல்லை. அதோடு இந்தியாவில் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்தபின், அனுப்பும் நிறுவனமும், அனுப்புநராகத் திரையில் தெரியும் அதன் தலைப்புப் பெயரும் செய்தியின் வாசக மாதிரியும் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். மாதிரியோடு பொருந்தாத செய்தியைத் தொலைத்தொடர்பு நிறுவனமே தடுத்துவிடும். 2021 மார்ச் 8 அன்று அந்தச் சோதனை முழுமையாக அமலானபோது நாடெங்கும் வங்கி ஓடிபிகள் வராமல் போயின. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நாட்காட்டி நினைவூட்டலின் வாசகம் ஆளுக்கு ஆள் மாறும். 'ஓடு மாற்ற ஆள் வருகிறார்' என்பதை எந்த மாதிரியில் அடக்குவது? இதெல்லாம் எனக்குப் புரிகிறது. மோசடிச் செய்திகளைத் தடுக்க அந்த விதிகள் தேவை என்றும் நம்புகிறேன்.

ஆனால் அதே சேவை, கணக்குக்குள் நுழைய இன்றும் ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில்தான் அனுப்புகிறது. பெரியப்பச்சியின் கணக்கை நான் திறந்ததும் அப்படித்தான். அவர் படித்துச் சொல்ல நான் பதிந்தேன். தன் பாதுகாப்புக்கு வேண்டியபோது குழாய் திறந்திருக்கிறது. எங்கள் தேவைக்கு மட்டும் அடைபட்டுவிட்டது. செலவுதான் காரணம் என்றால் செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டிருக்கலாம். எங்கள் புள்ளிகளிடம் (திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) வசூலித்து நான் கட்டியிருப்பேன். கோயிலுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

நவம்பர் 9

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் உள்ளூர் நிறுவனத்தின் மூலம் அனுப்பலாமே என்றவருக்கு: நேற்று எழுதிய பதிவு அங்கேயும் உண்டு. பதிவுபெற்ற அமைப்பு, ஆவணங்கள், தலைப்புப் பெயர், வாசக மாதிரி எல்லாம் வேண்டும். பங்காளிகள் கூடி வாழும் ஒரு வீடு நிறுவனம் ஆகாது. சங்கமாகப் பதிவு செய்திருப்பவர்கள் முயலலாம்.

நவம்பர் 12

கோத்தமங்கலத்திலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்: "தம்பி, எதற்கு இவ்வளவு பாடு? முந்தின நாள் போன் போட்டுச் சொன்னால் போகிறது. குரலைக் கேட்ட மாதிரியும் இருக்கும்."

ஆச்சி சொல்வது என் மனதுக்குப் பிடித்திருக்கிறது. இந்த வாரம் அப்படித்தான் செய்தும் பார்த்தேன். பேசினால் பேச்சு நீளும், அது நல்லதுதான். ஆனால் கடைசியில் தேதி காதோடு போய்விடுகிறது. மறுநாள் காலை பெரியப்பச்சி என்னைக் கூப்பிட்டு "ஒன்பது மணியா, பத்து மணியா?" என்று கேட்டார். எஸ்எம்எஸ் வந்த காலத்தில் அவர் கேட்டதே இல்லை. செய்தி போனில் இருக்கும், எடுத்துப் பார்ப்பார். ஆட்டோக்காரரிடம் அப்படியே நீட்டுவார், அவர் இடத்தைப் படித்துக்கொள்வார். மருத்துவமனையில் முன்பதிவு எண்ணைக் கேட்டால் அதையும் நீட்டுவார். யாரையும் கேட்காமல், யாருக்கும் சிரமம் கொடுக்காமல் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறோம் என்ற தெம்பு அவருக்கு அதில் இருந்தது. அதைத்தான் நான் திரும்பக் கொண்டுவர நினைக்கிறேன். மணி அடித்து ஓய்ந்துவிடும் நினைவூட்டல் அவருக்கு உதவாது. எழுத்து கையில் நிற்க வேண்டும்.

1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியிலிருந்து ஒரு கைபேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். முதல் எஸ்எம்எஸ் அதுதான். வாழ்த்தைப் பெற்ற கைபேசியில் பதில் எழுதும் வசதிகூட இல்லை. கணினி எழுதும், மனிதர் படிப்பார். பெரியப்பச்சிக்கு வேண்டியதும் அதுவே. அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

நவம்பர் 13

வாட்ஸ்அப் குழு தொடங்கச் சொன்னவர்களுக்கு: அது ஏற்கெனவே இருக்கிறது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் படைப்புத் தேதி காணாமல் போகிறது. பட்டன் போனில் இருப்பவர்கள் அந்தக் குழுவிலேயே இல்லை.

நவம்பர் 16

பினாங்கிலிருந்து ஒரு பங்காளி கேட்கிறார்: பிள்ளையார் நோன்பை ஒருமுறை பதிந்துவிட்டு 'ஆண்டுதோறும்' என்று வைத்துவிட்டால் என்ன, வருடாவருடம் ஏன் கையால் போடுகிறீர்கள் என்று.

திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து இருபத்தொரு நாள் நோன்பு. சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில் இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரி) எடுத்துக்கொள்வது நம் வழக்கம். திதியும் நட்சத்திரமும் கூடும் நாள் ஆங்கிலத் தேதிக்கு ஒவ்வொரு வருடமும் நகரும். மின்னணு நாட்காட்டிகளின் 'ஆண்டுதோறும்' என்பது ஆங்கிலத் தேதியை மட்டுமே பிடித்துக்கொண்டு போகும். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து பதிந்தே ஆக வேண்டும். படைப்பும் அப்படித்தான், பங்காளிகள் கூடிப் பேசி முடிவான பிறகே தேதி. அவர் பினாங்கில் இருப்பதால் ஒன்று: நிகழ்ச்சியைப் பதியும்போது நேர மண்டலத்தைப் பாருங்கள். அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. காரைக்குடியில் மாலை ஆறரைக்கு இழை எடுத்தால் உங்களுக்கு இரவு ஒன்பது.

பெரியப்பச்சி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "என் சுவர்க் காலண்டரில் சஷ்டியும் இருக்கிறது, சதயமும் இருக்கிறது. உன் காலண்டரில்தான் ஒன்றும் இல்லை" என்றார். தினம் ஒரு தாளாகக் கிழிக்கும் காலண்டரைச் சொல்கிறார். நாள் பார்க்க அதற்கு இணை கிடையாது.

நவம்பர் 20

வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். மிக எளிய வழி. கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி சொன்னார்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுள் மெசேஜஸ் செயலி இருந்தால், செய்தியை எழுதிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். எந்த நாள், எந்த நேரம் போக வேண்டும் என்று கேட்கும். அந்த நேரத்தில் கைபேசி உயிரோடு, சிக்னலோடு இருந்தால் செய்தி தானே போகும். நம் சொந்த சிம்மிலிருந்து நம் சொந்தக்காரருக்குப் போகும் செய்தி இது. தலைப்புப் பெயர், வாசக மாதிரி எதுவும் வேண்டாம். வழக்கமான ரீசார்ஜ் திட்டங்களில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ் கிடைக்கிறது. எங்கள் பெரியவர்களுக்கு அதில் ஒரு சிறு பகுதிகூடத் தேவைப்படாது.

வீட்டில் சும்மா கிடந்த பழைய ஸ்மார்ட்போனுக்கு ஒரு சிம் போட்டு முகப்பில் வைத்திருக்கிறேன். பெரியப்பச்சி இழுப்பறையில் பூட்டிய அதே போன்தான். மாதத் தொடக்கத்தில் நாட்காட்டியைப் பார்த்து அந்த மாதச் செய்திகளையெல்லாம் எழுதி நேரம் வைத்துவிடுவேன். எண்ணையும் பெரியவர்களின் போனில் என் பெயரோடு பதிந்து கொடுத்துவிட்டேன். இதில் எதிர்பாராத நன்மை ஒன்று: ஆங்கில எழுத்துகளில் வரும் நிறுவனத் தலைப்புக்குப் பதிலாக இப்போது என் பெயர் தெரிகிறது. பதில் எழுதினால் எனக்கே வருகிறது.

நவம்பர் 22

தமிழில் எழுதுகிறவர்கள் நீளத்தைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70தான். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். காரைக்குடி நமக்கு ஐந்தெழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்குப் பத்து. பிள்ளையார்பட்டி எட்டெழுத்து, அங்கே பதினைந்து. எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரிந்து, இரண்டு கணக்கில் சேரும். "நாளை காலை 9 மணி. மாத்தூர் கோயில் கூட்டம்." என்பது 41 இடத்தில் முடிந்துவிடுகிறது. முதலில் நேரம், பிறகு இடம், பிறகு காரியம் என்று எழுதுங்கள். அன்பு, வணக்கம் எல்லாம் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 25

முதல் சுற்றுச் செய்திகள் போயின. எல்லோருக்கும் சேர்ந்தது, ஒருவரைத் தவிர. கண்டனூர் ஆச்சியின் போன் மிகப் பழையது. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. அவருக்கு மட்டும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறேன். பேத்தி படித்துச் சொல்கிறாளாம்.

பெரியப்பச்சி மாலையிலேயே கூப்பிட்டார். "வந்துவிட்டது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

நவம்பர் 27

இந்த முறையின் குறையையும் எழுதிவிடுகிறேன். செய்தி இப்போது என்னை நம்பியிருக்கிறது. நான் ஊரில் இல்லாவிட்டால், முகப்பில் இருக்கும் போன் அணைந்துவிட்டால் செய்தி போகாது. சேவை செய்த வேலையை ஒரு மனிதர் மாதந்தோறும் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. தம்பி மகள் கற்றுக்கொண்டுவிட்டாள். அடுத்த மாதம் அவள் முறை. கோயில் காரியத்தைப் போல இதையும் முறை வைத்துப் பார்க்கலாம் என்று படைப்பின்போது பங்காளிகளிடம் கேட்கப்போகிறேன்.

பெரியவர்களின் ரீசார்ஜ் தேதியையும் நாட்காட்டியில் சேர்த்துவிட்டேன். காலாவதியாகிவிட்டால் வருகிற எஸ்எம்எஸ்ஸும் நின்றுபோகும். அவர்களுக்கு டேட்டா வேண்டாம். குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்திருக்கிறது. அத்தகைய திட்டம் 365 நாள் வரை செல்லுபடியாக இருக்கலாம். கடையில் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் டேட்டா திட்டத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

நவம்பர் 28

சேவை நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். எஸ்எம்எஸ்ஸைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. இனி எந்த வசதியை நிறுத்தினாலும் அந்த வசதி எந்த வழியாக வந்ததோ அதே வழியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கிறேன். உங்களில் யாருடைய வீட்டிலாவது இதே நிலை இருந்தால் நீங்களும் எழுதுங்கள். ஒரு குரலுக்கு அசையாதவர்கள் பல குரலுக்குக் காது கொடுக்கலாம்.

நவம்பர் 30

இரண்டு சிம் போட்ட போனிலும் இந்த வழி சரிவருமா என்று கேட்ட புதுவயல் அன்பருக்கு: ஆம். எந்தச் சிம்மிலிருந்து போக வேண்டும் என்பதை நேரம் வைப்பதற்கு முன்பே தேர்ந்தெடுங்கள். 'ஆர்சிஎஸ்' என்ற அரட்டை வசதியையும் அந்தப் போனில் அணைத்து வையுங்கள். அணைத்திருந்தால் செய்தி எல்லோருக்கும் எஸ்எம்எஸ்ஸாகவே போகும். மாலை ஆறு மணிக்கு வைப்பது நல்லது. எங்கள் பெரியவர்கள் அந்த நேரத்தில் விளக்கேற்றிவிட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள், போனும் பக்கத்தில் இருக்கும்.